விக்டோரியா கால ஸ்கிராப் ஆல்பம்: படங்களைப் பிரிக்க வழி தேவை

பிரிஸ்டல் பழம்பொருள் சந்தை ஒன்றில் வாங்கிய ஸ்கிராப் ஆல்பம் கையில் இருக்கிறது. அந்தக் காலத்து இங்கிலாந்து வீடுகளில் பெண்களும் பிள்ளைகளும் சேர்த்து ஒட்டுவார்களே, புடைப்பு வைத்து ஓரம் வெட்டிய குரோமோலித்தோ (கல்லச்சில் பல வண்ணங்களாக அச்சிட்ட) படங்கள், அவைதான். படங்கள் நன்றாக இருக்கின்றன. ஒட்டிய தாள்தான் பழுப்பேறி, புரட்டினாலே அப்பளமாக நொறுங்குகிறது.

இரண்டு படங்களை இணைக்கும் காகிதப் பட்டையில் 'பிரிண்டட் இன் ஜெர்மனி' என்று இருக்கிறது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் கேட்ட 1887 பிரிட்டிஷ் சட்டத்துக்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். லென்ஸில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் சிதறித் தெரிவதால் இன்றைய ஆஃப்செட் மறுபதிப்பு இல்லை. ஒரு தேவதையின் சிறகில் இறகு இறகாக விரலுக்குத் தட்டுப்படுகிறது. அந்தப் புடைப்பு போனால் அப்புறம் என்ன இருக்கிறது?

மெல்லிய ஸ்பேட்டுலா விட்டுப் பார்த்தேன், பசை அசையவில்லை. ஏற்கெனவே கிழிந்து கிடந்த ஒரு துண்டின் பசையில் அயோடின் வைத்தேன், நீலமானது. சரி, மாவுப் பசைதான். அதே துண்டை ஈரப்பெட்டியில் (ஈரக்காற்று நிறைந்த மூடிய பெட்டி) வைத்தால், பசை இளகுமுன் முகப்பிலுள்ள ஜெலட்டின் பளபளப்பு பிசுபிசுத்துவிட்டது. வெந்நீர் ஆவி காட்டச் சொல்கிறார்கள். அதிலும் இதே கதிதான், தொடப்போவதில்லை.

ஒருபக்கம் மட்டும் படமுள்ள தாள்களில், பின்தாளைச் சீவி மெலிதாக்கி, பின்பக்கமாக மட்டும் மெத்தில் செல்லுலோஸ் கூழ் (ஈரத்தை மெதுவாக விடும் ஜெல்) தடவினால், ஈரம் முகப்புக்கு ஏறாமல் பசை இளகுமா?