அப்பாவைப் பாத்துக்க ஏஜென்சி ஆளா, தாமான்ல (குடியிருப்புல) இருக்கிற அக்காவா? (சுங்கை சிப்புட், மலேசியா)

சிப்புட்_மகள்:

வணக்கம். அப்பாவுக்கு 76 வயசு. எஸ்டேட்ல பால்மரம் (ரப்பர்) வெட்டி, பால் எடுத்தே காலத்தை ஓட்டினவர். போன மாசம் ஸ்ட்ரோக். வலது கை, கால் வரல. ஈப்போ பெரியாஸ்பத்திரில வச்சிருந்து வீட்டுக்கு விட்டுட்டாங்க. பேச்சு குழறுது, ஆனா புத்தி தெளிவு. கோவம் மட்டும் ரெட்டிப்பாயிடுச்சி. சிறுநீருக்கு டியூப் இருக்கு. இனிப்புநீர் வேற, ரெண்டு வேளை இன்சுலின். அம்மாவுக்கு மூட்டுவலி, அவரைத் தாங்கிப் பிடிக்க முடியாது.

நான் பினாங்கு பாயான் லெப்பாஸ்ல ஷிஃப்ட் வேலை. அண்ணன் கிள்ளான்ல இருக்காரு.

ஈப்போ ஏஜென்சி ஒன்னு காலை 8 மணிலேர்ந்து ராத்திரி 8 வரைக்கும், வாரத்துக்கு ஆறு நாள், மாசம் 4,200 வெள்ளி (ரிங்கிட்)னு சொல்றாங்க. எங்க தாமான்லயே ஒரு அக்கா இருக்காங்க, மாமியாரைக் கடைசி வரைக்கும் பாத்தவங்க. 1,500 கொடுத்தா போதும்ங்கிறாங்க. அண்ணன் "ரெண்டும் வேணாம், முதியோர் இல்லத்துல விடு" ங்கிறாரு. இல்லம்னு பேச்செடுத்தாலே அப்பா சோத்துத் தட்டைத் தள்ளிவிடுறாரு.

எதைப் பாத்து முடிவு பண்றதுன்னு தெரியல. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

கெமோர்க்காரன்:

அக்காவையே வச்சிக்குங்க தங்கச்சி. எங்க பெரியம்மாவுக்கு ஏஜென்சில எடுத்தோம். ஆள் மாறி மாறி வருவாங்க. ஒருத்திக்கு வீட்டு வழக்கம் புரியறதுக்குள்ள அடுத்தவ வந்துடுவா. பெரியம்மா கடைசில யார் வந்தாலும் பேசறதையே விட்டுட்டாங்க. நாலாயிரம் வெள்ளிக்கு அப்பாவுக்கு நல்ல கட்டில், வீல்சேர் எல்லாம் வாங்கிடலாம் லா.

ஓய்வு_மிஸ்ஸி_தைப்பிங்:

மா, நான் கவர்மெண்டு ஆஸ்பத்திரில மெடிக்கல் வார்டுல மிஸ்ஸியா (நர்ஸா) இருந்து பென்ஷன் வாங்கினவ. ஏஜென்சியா அக்காவாங்கிறதை அப்புறம் பாப்போம். உங்கப்பாவோட நாள் எத்தனை மணிக்கு ஆரம்பிக்குது?

மரம் வெட்டினவங்களை வார்டுல நிறைய பாத்திருக்கேன். பெரட்டுக்குப் (தோட்டத்துல விடியகாலை ஆள் கணக்கெடுப்புக்கு) போன உடம்பு, நாலு, நாலரைக்கெல்லாம் தானா முழிச்சிக்கும். கால் வராதுங்கிறது நினைப்புல இருக்காது, இறங்கப் பாப்பாங்க. எங்க வார்டுல கட்டில்லேர்ந்து விழுந்தவங்கள்ல பாதிப்பேர் விடியறதுக்கு முன்னாடி விழுந்தவங்கதான். நீங்க காசு கொடுத்து வாங்கப்போறது எட்டு மணிக்கு வர்ற ஆளை. உங்கம்மா தனியா இருக்கிற நேரத்துலதான் அவர் எழுந்திரிப்பார். அதனால முதல்ல ஒரு தாள்ல அவரோட ஒரு நாளை மணி வாரியா எழுதுங்க. எப்ப முழிக்கிறார், எப்ப வெளிக்குப் போறார், எப்ப கோவப்படுறார். கோவத்துக்கும் நேரம் இருக்கும், பாருங்க.

இன்னொன்னு. தோட்டத்து ஆளுங்க விடியகாலைல கட்டாங்காப்பி குடிச்சிட்டு பத்து மணிக்குத்தான் பசியாறுவாங்க. இன்சுலினைப் போட்டுட்டு அவர் பழைய வழக்கப்படி பத்து மணி வரைக்கும் ஒன்னும் வேணாம்னு உட்கார்ந்தா, சர்க்கரை இறங்கிடும். வேர்த்துக் கொட்டும், உளறுவார். மறுபடி ஸ்ட்ரோக்குன்னு நினைச்சி தூக்கிட்டு ஓடுவீங்க. வர்ற ஆளுக்கு இந்த அடையாளம் தெரியுமான்னு கேளுங்க. காப்பியும் அப்படியே தண்ணியா கொடுக்கக் கூடாது. குடிக்கும்போது இருமுறாரான்னு பாருங்க. இருமினா விழுங்கறதுல கோளாறு, நுரையீரலுக்குள்ள போயிடும். கெட்டிப்படுத்தற பவுடர் எவ்வளவு போடறதுன்னு ஆஸ்பத்திரி ஸ்பீச் தெரப்பிஸ்ட்கிட்ட கேட்டுக்குங்க.

அடுத்தது மிஸ்ஸி வேலை வேற, பாத்துக்கிற ஆள் வேலை வேற. டியூப் மாத்தறது, புண்ணுக்குக் கட்டுப் போடறது மிஸ்ஸி வேலை. மிஸ்ஸின்னு சொல்லிட்டு வர்றவங்ககிட்ட மலேசிய தாதியர் வாரியம் கொடுக்கிற ஏபிசி (APC, தொழில் செய்யற சான்றிதழ்) இருக்கணும், வருஷா வருஷம் புதுப்பிக்கணும். அதைக் காட்டச் சொல்றதுல வெக்கப்பட ஒன்னுமில்ல. குளிப்பாட்ட, ஊட்ட, புரட்டிப்போட வர்ற ஆளுக்கு அது தேவையில்ல. ஏஜென்சி உங்களுக்குச் சொன்ன 4,200 எந்த ஆளுக்குன்னு கேட்டீங்களா? அந்த விலைக்குப் பெரும்பாலும் பாத்துக்கிற ஆள்தான் வரும். அப்ப டியூப்பை யார் மாத்துவா?

அதுக்கு வழி இருக்கு, காசில்லாம. கிளினிக் கெசிஹாத்தான்ல (அரசாங்க சுகாதார கிளினிக்ல) டோமிசிலியாரின்னு ஒரு சேவை. ஸ்ட்ரோக் வந்து படுத்திருக்கிறவங்க வீட்டுக்கே மிஸ்ஸியும் பிசியோவும் வருவாங்க, பொதுவா 3 மாசம் வரைக்கும். ஆஸ்பத்திரிலேர்ந்து ரெஃபர் பண்ணணும், வீட்டுல பாத்துக்க ஒரு ஆள் இருக்கணும். டிஸ்சார்ஜ் பண்ணும்போது யாரும் சொல்லலன்னா, அந்தக் கடிதத்தை எடுத்துக்கிட்டு உங்க பகுதி கிளினிக்குக்குப் போய் நீங்களே கேளுங்க. அவங்க வந்து வேலையை மட்டும் செய்யல, பாத்துக்கிறவங்களுக்குக் கத்தும் கொடுப்பாங்க. அந்தப் பாடத்தை அக்காவையும் கூட வச்சிக்கிட்டுக் கேளுங்க.

இப்ப ஆளுக்கு வருவோம். நாற்காலி போட்டு உட்கார வச்சி இன்டர்வியூ பண்ணாதீங்க. வாய் எல்லாருக்கும் நல்லாத்தான் இருக்கும். அப்பாவைக் கட்டில்லேர்ந்து வீல்சேருக்கு மாத்தச் சொல்லிட்டு ஓரமா நில்லுங்க. வீல்சேரை அவரோட நல்ல பக்கம், அதாவது இடது பக்கம் வைக்கணும். பிரேக் போடணும். கால்பலகையை ஒதுக்கணும். தொடறதுக்கு முன்னாடி அவர்கிட்ட சொல்லணும். வராத கையைப் பிடிச்சோ அக்குளுக்குள்ள கை விட்டோ தூக்கினா அந்த ஆள் வேணாம். தோள்மூட்டு நழுவிடும், அப்புறம் வாழ்நாள் முழுக்க வலின்னு கத்துவார். இதை ஏஜென்சி ஆளும் தப்பாப் பண்ணி பாத்திருக்கேன், படிக்காத பாட்டி ஒருத்தர் சரியாப் பண்ணியும் பாத்திருக்கேன்.

குளிப்பாட்டறதும் கேளுங்க. ஆம்பளை ஆள் கிடைச்சா நல்லது. கிடைக்கலன்னா, கைலியை அவிழ்க்காமலே குளிப்பாட்டி, ஈரத்தை மாத்தத் தெரிஞ்சவங்களா இருக்கணும். உங்கப்பா கோவத்துல பாதி அங்கதான் இருக்கும்னு எனக்குத் தோணுது.

என்னைக் கேட்டா, அக்கா இந்தச் சோதனைல தேறினா அவங்களையே எடுங்க, ஆனா விடியகாலை 5 மணிலேர்ந்து. அதே தாமான்ல இருக்கிறதோட லாபம் அதுதான், ஈப்போலேர்ந்து யாரும் அஞ்சு மணிக்கு வரமாட்டாங்க. அவங்களுக்கு உடம்புக்கு முடியலன்னா வேற ஆள் கிடையாது, அதுதான் அவங்ககிட்ட உள்ள குறை. அதுக்கு மட்டும் ஏஜென்சில பேசி வச்சிக்குங்க, மணிக்கணக்குல. கெமோர்க்காரரே, கட்டிலும் வீல்சேரும் அவரைத் தூக்கி உட்கார வைக்காது.

கோலகங்சார்_மருமகன்:

ஒரு எச்சரிக்கை. யாராவது "இந்தோனேசியா காக்காக் (வேலைக்கு வர்ற அக்கா) ஒருத்தங்க இருக்காங்க, 1,800க்கு வீட்டோட தங்குவாங்க"ன்னு வந்து நிப்பாங்க. நல்ல ஆளாவே இருக்கலாம். எங்க மாமாவுக்குத் தோட்டத்து மலாய் போதும், பேச்சுப் பிரச்சனையே வரல. ஆனா பெர்மிட் யார் பேர்ல இருக்குன்னு பாருங்க. பெர்மிட் இல்லாத ஆளை வேலைக்கு வச்சா, குடிநுழைவுச் சட்டம் 55பி பிரிவுல ஒரு ஆளுக்கு 10,000லேர்ந்து 50,000 வெள்ளி வரைக்கும் அபராதம், இல்லன்னா 12 மாசம் வரைக்கும் சிறை, ரெண்டும்கூட போடலாம். நாங்க முறைப்படி எடுத்தோம். பேப்பர் வேலை இழுத்துக்கிட்டே போச்சி, அதுவரைக்கும் என் மனைவி சம்பளமில்லா லீவு.

அண்ணன் சொல்ற இல்லத்தையும் ஒரேயடியாத் தள்ளாதீங்க. போய்ப் பாக்கிறதா இருந்தா, 1993ஆம் வருஷத்துப் பராமரிப்பு மையச் சட்டப்படி ஜேகேஎம்ல (சமூக நலத் துறைல) பதிஞ்ச சான்றிதழ் சுவத்துல மாட்டியிருக்கான்னு பாருங்க. சாப்பாட்டு நேரத்துல சொல்லாமப் போங்க.

சிப்புட்_மகள்:

எல்லாருக்கும் நன்றி. மிஸ்ஸி அக்கா, நீங்க சொன்னது சரி, அவர் நாலரைக்கு முழிச்சிக்கிறார். அம்மா பயந்துக்கிட்டு தூங்கறதே இல்லையாம், எங்ககிட்ட சொல்லல. தாமான் அக்காவை வரச்சொல்லி மாத்தச் சொன்னேன். பிரேக் போட மறந்துட்டாங்க, ஆனா வராத கையைத் தொடவே இல்ல, இடுப்புல துணியைச் சுத்திப் பிடிச்சாங்க. அப்பா திட்டலை! அஞ்சு மணிக்கு வர சம்மதம், 1,900 கேக்கிறாங்க. கிளினிக்லயும் பேரு கொடுத்தாச்சி.

ராத்திரிக்கு என்ன பண்றது? அண்ணன் இப்ப காசு தர்றேன்ங்கிறாரு, ஆனா கணக்குக் கேக்கிறாரு.

ஓய்வு_மிஸ்ஸி_தைப்பிங்:

பிரேக்கைச் சொல்லிக் கொடுத்துடலாம் மா, அவர் கையைப் பாத்த கண்ணை யாரும் சொல்லித்தர முடியாது. 1,900 நியாயம்தான். எழுதி வாங்குங்க, மாமியாரைப் பாத்த அன்பு வேற, சம்பளம் வேற. லீவு நாள், தீபாவளி எல்லாம் முன்னாடியே பேசிடுங்க.

ராத்திரிக்கு முதல்ல கட்டிலைத் தாழ்த்துங்க, நல்ல கை பக்கம் அழைப்பு மணி ஒன்னு. தூங்கப் போறதுக்கு முன்னாடி சிறுநீர்ப் பையைக் காலி பண்ணுங்க, பை எப்பவும் இடுப்புக்குக் கீழ தொங்கணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டறது உங்கம்மாவால ஆகாது, அதனால காத்து மெத்தை வாங்குங்க. அதை வச்சிக்கிட்டும் புரட்டணும், ஆனா கொஞ்சம் இடைவெளி விடலாம், எவ்வளவுன்னு வர்ற மிஸ்ஸி தோலைப் பாத்துச் சொல்லுவாங்க. உங்க ஷிஃப்ட் லீவு அன்னைக்கு நீங்க ராத்திரி இருந்து அம்மாவை வேற ரூம்ல தூங்க விடுங்க.

அண்ணன் கணக்குக் கேக்கிறது நல்லதுக்குத்தான். வருமான வரில பெத்தவங்க மருத்துவம், பராமரிப்புச் செலவுக்கு 8,000 வெள்ளி வரைக்கும் கழிவு இருக்கு, பாத்துக்கிற ஆளோட சம்பளமும் அதுல வரும். பிள்ளைங்களே பாத்துக்கிட்டா அதுக்குக் கிடைக்காது. அப்பாவுக்குப் பராமரிப்பு தேவைன்னு டாக்டர் எழுதிக் கொடுக்கணும், அக்கா வாங்கின காசுக்கு மாசாமாசம் கையெழுத்துப் போட்ட ரசீது இருக்கணும். ரெண்டு பேரும் வரி கட்டறீங்கன்னா யார் எவ்வளவு கொடுத்தீங்களோ அதுக்குத் தகுந்த மாதிரி ரசீதை இப்பவே பிரிச்சி எழுதச் சொல்லுங்க, ஏப்ரல்ல உட்கார்ந்து தேட வேணாம்.