சி.வி. நரசிம்மன் ஐ.சி.எஸ்.: மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் பக்கம் யாருக்காவது இவர் குறுக்கே வந்ததுண்டா?

பால்மரத்தடி

ஐ.நா. கச்சேரி எல்லாருக்கும் தெரியும். 1966 அக்டோபர் 23, நியூயார்க், எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மா. அதை விட்டுவிடுகிறேன். அவரை அங்கே அழைத்துப் பாட வைத்த அதிகாரி நரசிம்மனைப் பற்றித்தான் கேட்கிறேன். வெள்ளைக்காரர் காலத்து இந்திய ஆட்சிப்பணியான ஐ.சி.எஸ்.ஸிலிருந்து ஐ.நா.வுக்குப் போனவர்.

எங்கள் ரப்பர் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. தீமிதிக்கு முதல் நாள் சாயங்காலம். ஸ்பீக்கர் கட்டுகிற அண்ணன் கேசட் தேடிக்கொண்டிருந்தார், ஆபீஸ் கிராணி (குமாஸ்தா) தன்னுடையது ஒன்றைக் கொடுத்தார். முதலில் சமஸ்கிருதம் வந்தது, யாரும் கவனிக்கவில்லை. அப்புறம் அதே குரலில் இங்கிலீஷ். ராஜாஜி எழுதிய பிரார்த்தனை, மெட்டும் வெள்ளைக்காரர் மெட்டு. பூக்குழிக்குக் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நிமிர்ந்தார்கள். கோயில் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். “கோயில்ல எவன்டா சர்ச் பாட்டுப் போட்டவன்?”

கிராணி டெக்கின் மேல் இரண்டு கையையும் வைத்து மறைத்துக்கொண்டார். “தலைவரே, ராஜாஜி எழுதுனது. ஐ.நா. சபையில பாடுனது. ஏற்பாடு பண்ணுனவரு சீரங்கத்துக்காரரு, பெரிய ஐ.சி.எஸ்.”

கட்டை அடுக்கின ஒரு தாத்தா திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: “ஐ.சி.எஸ்.ஸா? எங்கப்பன நாகப்பட்டணத்துல கப்பலேத்துனப்போ கையெழுத்துப் போட்டவனுங்கதானே?”

கிராணி வாயைத் திறக்கவில்லை. கேசட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். தாத்தாவுக்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஈப்போ ரயிலடி

எனக்கு இவர் பாட்டு வழியாக வரவில்லை, புத்தகம் வழியாக வந்தார். கோலாலம்பூரில் படித்தபோது நூலகத்தில் கிடைத்த இங்கிலீஷ் மகாபாரதம். தேர்ந்தெடுத்த சுலோகங்களை மட்டும் மொழிபெயர்த்துக் கதை அறுந்துபோகாமல் கோத்திருப்பார். 1965ல் கொலம்பியா பல்கலைக்கழகம் வெளியிட்டது. எழுதியவர் ஐ.நா. அதிகாரி என்று பார்த்ததும் ஆச்சரியம். பகலெல்லாம் காங்கோ சண்டை, ராத்திரி குருக்ஷேத்திரமா?

புத்தகத்தை வெளியே எடுக்கப் போனால், மேசையில் இருந்த மலாய்க்கார அம்மா முத்திரை குத்தாமல் பக்கத்தைப் புரட்டினார். “இனி செரித்தா பண்டாவா, கான்?” என்று மலாயில் கேட்டார், இது பாண்டவர் கதைதானே என்று. கிளந்தானில் சின்ன வயதில் வாயாங் கூலிட் என்ற நிழல்பாவைக் கூத்துப் பார்த்தவராம். எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகிறது, அவர் அர்ஜுனன் எத்தனை கல்யாணம் செய்தான் என்று என்னிடம் விசாரிக்கிறார்! எனக்குப் பாதிதான் தெரியும். அந்தப் புத்தகத்தை அவர்தான் முதலில் படித்திருக்க வேண்டும்.


செம்பனைக்காடு

நரசிம்மன் ராஜாஜியின் மகன்தானே? அப்பா பாட்டு எழுதினார், மகன் மேடை பிடித்தார். இதில் என்ன பெரிய கலைச்சேவை லா.


ஓய்வுபெற்ற வாத்தியார்

செம்பனைக்காடு தம்பி, பெயரைப் பார்த்து உறவு கட்டாதீர்கள். ராஜாஜியின் மகன் சி.ஆர். நரசிம்மன், கிருஷ்ணகிரி எம்.பி.யாக இருந்தவர். இவர் சி.வி. 1915ல் சீரங்கத்தில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்து 1936ல் ஐ.சி.எஸ்.ஸில் சேர்ந்தார். மதராஸ் மாகாணத்தில் வேலை பார்த்துவிட்டு டில்லிக்குப் போனார். 1956ல் பேங்காக்கில் ஐ.நா.வின் ஆசியப் பொருளாதார ஆணையத்துக்கு நிர்வாகச் செயலாளர். கம்போடியா, லாவோஸ், தாய்லாந்து, தென் வியட்நாம் நான்கையும் ஒரே மேசையில் உட்கார வைத்த மீகோங் நதிக் குழு 1957ல் அமைந்தது அவர் காலத்தில்தான். 1959ல் நியூயார்க். 1961லிருந்து பொதுச்செயலாளர் அலுவலகத்துக்கே தலைவர். அந்த வருஷம் பொதுச்செயலாளர் ஹாமர்ஷோல்ட் விமான விபத்தில் இறந்தார், அடுத்து வந்த ஊ தாண்டும் இவரையே வைத்துக்கொண்டார். அந்த நாற்காலியில் இருந்ததால்தான் பொதுச்சபை மண்டபத்தில் தம்புரா சுருதி கேட்டது. காஞ்சிப் பெரியவர் அந்த நாளுக்கென்றே ‘மைத்ரீம் பஜத’ என்ற சமஸ்கிருதப் பாட்டை எழுதிக் கொடுத்தார். ராஜாஜி இங்கிலீஷில் எழுதினார். இவ்வளவையும் ஒரு இடத்தில் சேர்க்க ஒரு ஆள் வேண்டாமா?

பால்மரத்தடி கேட்ட கேள்விக்கு வருகிறேன். தாத்தாவின் கோபம் சரி, ஆள்தான் வேறு. ஊரில் தோட்டத்துக்கு ஆள் சேர்த்தவர் கங்காணி. நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் கப்பலேற்றும் முன் ஆட்களைத் தங்க வைக்கிற டிப்போ நடத்தியது மலாயா அரசின் குடியேற்ற அதிகாரி. 1922ல் இந்தியாவில் குடிபெயர்வுச் சட்டம் வந்த பிறகு கோலாலம்பூரில் இந்திய அரசின் ஏஜெண்டு என்று ஒருவர் உட்கார்ந்து, தோட்டம் தோட்டமாகப் போய்ச் சம்பளம், தண்ணீர், ஆட்கள் குடியிருக்கும் லயம் எல்லாம் பார்த்தார். இந்திய அரசு அனுப்பி சீனிவாச சாஸ்திரி 1936 கடைசியில் வந்து பார்த்துவிட்டுப் போனார். 1938ல் இங்கே கூலியைக் குறைத்ததும் ஆள் அனுப்புவதையே டில்லி நிறுத்திவிட்டது. நரசிம்மன் அப்போது சின்ன அதிகாரி. போர் முடிந்ததும் இந்தியப் பிரதிநிதியாக வந்த எஸ்.கே. செட்டூரும் ஐ.சி.எஸ்.தான், சிறுகதை எழுதுகிறவர். ஆக, எல்லாரையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது.

நம் ஊருக்கும் ஐ.நா.வுக்கும் ஒட்டு உறவே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். மகாத்மா காந்தி கலாசாலையை 1954ல் திறந்து வைத்தது விஜயலட்சுமி பண்டிட், ஐ.நா. பொதுச்சபைக்குத் தலைமை தாங்கிய முதல் பெண்.

என் அனுபவம் சின்னதுதான். வகுப்பில் பொதுச்சபை மண்டபத்தின் படத்தைக் காட்டி இந்தக் கச்சேரியைச் சொன்னேன். பால்வெட்டுக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, “சார், எல்லாம் நாற்காலியா இருக்கே, மிருதங்கக்காரர் எங்க சம்மணம் போட்டாரு?” என்றான். இத்தனை வருஷம் அந்தப் படத்தை மாட்டி வைத்திருக்கிறேன், எனக்குத் தோன்றாத கேள்வி.


ஜாலோங் பாலம்

கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன், கோபிக்க வேண்டாம்.

கம்பெனி வேலையாக இந்தோனேசியாவின் பப்புவாவில், சோரோங்கில் இருந்தேன். வண்டியில் எப்போதும் எம்.எஸ். ஓடிக்கொண்டிருக்கும். டிரைவர் உள்ளூர்க்காரர், சுருள்முடி நரைத்த பெரியவர். ஒரு நாள் துறைமுகத்துக்குப் போகிற வழியில், பாடுகிறது யார் என்று கேட்டார். ஐ.நா. சபையிலேயே பாடியவர் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அவர் சாலையைப் பார்த்தபடி வால்யூமைக் குறைத்தார். “ஐ.நா. எங்கள் ஊருக்கும் வந்தது, பாப்பா” என்றார். பாப்பா என்றால் அங்கே ஐயா மாதிரி. அதற்குமேல் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து படித்தேன். டச்சுக்காரர்கள் விட்டுப்போன மேற்கு நியூகினியை, அதாவது அந்தப் பப்புவாவை, 1962 அக்டோபரிலிருந்து 1963 மே வரை ஐ.நா.வே நிர்வகித்து, பிறகு இந்தோனேசியாவிடம் ஒப்படைத்தது. மக்கள் விருப்பத்தைக் கேட்கிறோம் என்று 1969ல் ஒரு வாக்கெடுப்பு. கேட்டது சுமார் ஆயிரம் பேரை மட்டும், அதுவும் பொறுக்கியெடுத்த ஆட்களை. ஒருவர்கூட மாற்றிச் சொல்லவில்லையாம்! அந்த வருஷங்கள் முழுக்க ஊ தாண்டின் அலுவலகத் தலைவர் யார்? நம் சி.வி.என்.தான்.

கச்சேரிக்கு மட்டும் அவர் பெயரைச் சொல்லிவிட்டு இதற்கு வாயை மூடிக்கொள்வது எனக்கு ஒப்பவில்லை.


செம்பனைக்காடு

பாட்டுக்கும் பப்புவாவுக்கும் என்ன சம்பந்தம் அண்ணே? திருவிழாவில் நல்ல சாப்பாடு போட்டவரிடம் போய்ப் பத்து வருஷத்துக்கு முந்திய கோயில் கணக்கைக் கேட்பீர்களா?


ஜாலோங் பாலம்

கேட்பேன். கோயில் கணக்கைக் கேட்காமல் விட்டதால்தான் நம் கமிட்டிகள் இந்த லட்சணத்தில் இருக்கின்றன.


ஓய்வுபெற்ற வாத்தியார்

ஜாலோங் தம்பி, 1969ல் அங்கே ஐ.நா. சார்பில் போனவர் பொலிவியாக்காரர் ஓர்ட்டிஸ் சான்ஸ். அதற்கு முன்பே 1962ல் நியூயார்க்கில் ஒப்பந்தம் போட்டது டச்சுக்காரரும் இந்தோனேசியரும். பின்னால் நின்றது அமெரிக்கா. அலுவலகத் தலைவர் என்பவர் முதலமைச்சர் இல்லை, மேலே முடிவானதை நடத்திக் கொடுக்கிறவர். நான் அரசாங்கப் பள்ளியில் வேலை பார்த்தவன். சுற்றறிக்கை தப்பு என்று தெரிந்தும் வகுப்பில் வாசித்திருக்கிறேன்.


ஜாலோங் பாலம்

ஐயா, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் இதை நான் கண்டுபிடிக்கவில்லை. 2001ல், ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் கழித்து, நிருபர் கேட்டபோது நரசிம்மனே சொன்னார்: அது வெறும் பூசி மெழுகிய வேலை, அந்தத் தலைவலியைச் சீக்கிரம் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அப்போது ஐ.நா.வில் எல்லாருக்கும் இருந்த எண்ணம் என்று. எண்பத்தாறு வயதில் மறைக்காமல் சொன்னாரே, அதற்காக எனக்கு அவரைக் கொஞ்சம் பிடிக்கிறது. முப்பது வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் இன்னும் பிடித்திருக்கும்.


இசைத்தட்டுப் பைத்தியம்

அரசியலை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். என் கதை: ஈப்போ ஞாயிற்றுக்கிழமை பழஞ்சாமான் சந்தையில் ஒரு சீனத் தாத்தாவிடம் ஐ.நா. கச்சேரி எல்.பி. இசைத்தட்டு வாங்கினேன். உறையின் பின்பக்கம் ஏதோ தோட்டத்து ஸ்டாஃப் கிளப்பின் ஊதா முத்திரை. கீழே பேனாவில், இரவல் கொடுக்கக் கூடாது என்று. யார் வீட்டிலிருந்து சந்தைக்கு வந்ததோ!

பால்மரத்தடி அந்தக் கேசட் விஷயத்தில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். நம் ஊர் ஈரத்துக்கு நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். எடுத்த எடுப்பில் டெக்கில் போட்டு ஓட்டினால் பூஞ்சை நாடா உரசுகிற ஹெட்டில் ஒட்டி, அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். முதலில் ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் பிடித்து நாடாவின் ஓரத்தைப் பாருங்கள். நடுவில் செம்புத் தகட்டின் மேல் ஒரு சின்னப் பஞ்சு இருக்கிறதா பாருங்கள், பழைய கேசட்டில் முதலில் கழன்று விழுவது அதுதான். விழுந்திருந்தால் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வரும். திருகாணி போட்ட வேறு கூடு வாங்கி நாடாவை அதற்கு மாற்றலாம். திருகாணி இல்லாத ஒட்டின கூடு என்றால் பிளேடால் விளிம்பைக் கீறித் திறக்க வேண்டும், அவசரப்படக் கூடாது. மேலே இருக்கிற இரண்டு பிளாஸ்டிக் காதையும் ஒடித்துவிடுங்கள், தவறிக்கூட யாரும் மேலே பதிவு செய்ய முடியாது. ஹெட்டை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடையுங்கள். ஒரு தடவை கடைசி வரை ஓட்டித் திருப்பிச் சுற்றிவிட்டு, அப்புறம் கணினிக்கு மாற்றுங்கள். எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாக வையுங்கள். இரண்டு இடத்தில் நகல். வைக்கும்போது படுக்க வைக்காதீர்கள், நிற்க வையுங்கள். ஸ்பீக்கர் பக்கம் வேண்டவே வேண்டாம், உள்ளே காந்தம். அரிசிப் பானைக்குள் வைத்தால் ஈரம் போகும் என்று ஒரு கூட்டம் சொல்லும், கேட்காதீர்கள், தூசியும் வண்டும்தான் சேரும்.


பால்மரத்தடி

இசைத்தட்டு அண்ணே, கேசட் என்னிடம் இல்லை. கிராணி பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார் என்றுதானே எழுதினேன்.

வாத்தியார் ஐயா, விளக்கம் புரிந்தது. ஆனால் கப்பலேறினவர் பிள்ளைக்குச் சட்ட வருஷத்தைச் சொன்னால் அடங்கியிருப்பாரா, தெரியவில்லை. ஜாலோங், அந்த டிரைவர் அப்புறம் எப்போதாவது ஏதாவது சொன்னாரா?


ஜாலோங் பாலம்

பாட்டைப் பற்றியோ ஐ.நா.வைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. நானும் எம்.எஸ். போடுவதை நிறுத்தவில்லை, அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பெர்சிபுரா பந்தாட்டம் இருக்கிற நாளில் மட்டும் என்னைக் கேட்காமலே ரேடியோவுக்கு மாற்றிவிடுவார். எங்கள் பேராக் குழு எப்படி ஆடுகிறது என்று விசாரிப்பார். அதற்கும் என்னிடம் சொல்லிக்கொள்ளும்படி பதில் இருந்ததில்லை.