ரிலேவை ஆர்டுயினோ பின்னில் நேராக மாட்டலாமாம்!

சாலிடர்சாமி: மேல்தொட்டி மோட்டாரைத் தானாக நிறுத்தும் சர்க்யூட் பற்றி ஒரு பையன் கேட்டதற்கு, தொட்டிக்காரன் என்பவர் சொன்ன பதில் இது: "5 வோல்ட் ரிலேவை ஊனோவின் 8ஆம் பின்னில் நேராகக் கொடுங்கள், டிரான்சிஸ்டர் எல்லாம் கடைக்காரன் கட்டிவிட்ட கதை." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ஊனோ என்பது ஆர்டுயினோ வகைக் குட்டிக் கணினி போர்டு, பின் என்பது அதில் சிக்னல் வரும் கால். ரிலே என்பது உள்ளிருக்கும் கம்பிச்சுருள், அதாவது காயில், காந்தமாகி இயக்கும் ஸ்விட்ச். அந்த நீல டப்பா ரிலேவின் காயில் சுமார் 70 ஓம். 5ஐ 70ஆல் வகுத்தால் 71 மில்லியாம்ப். ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பின் டேட்டாஷீட்டில், அதாவது தயாரிப்பாளர் தரும் விவரத்தாளில், ஒரு பின்னுக்கு உச்ச வரம்பே 40தான், அதுவும் தாண்டினால் சிப் கெடலாம் என்கிற எல்லை, தினமும் ஓட்டச் சொன்ன அளவு இல்லை. பின்னின் சின்னக் கரண்டை வைத்துக் காயிலின் பெரிய கரண்டை இயக்க ஒரு பிசி547 டிரான்சிஸ்டர், ஒரு 1கே ரெசிஸ்டர், காயில் அணையும்போது வரும் வோல்டேஜ் உதையைத் தடுக்க அதற்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு. சில ரூபாய்ச் சமாசாரம். இதற்கா கதை?

தொட்டிக்காரன்: என் வீட்டில் போன கோடையிலிருந்து ஓடுகிறது. டேட்டாஷீட் படிக்கிறவர்கள் படித்துக்கொண்டே இருங்கள், என் தொட்டி நிரம்பிவிட்டது.

சாலிடர்சாமி: ஓடுவது வேறு, சரி என்பது வேறு. 40. திரும்பவும் சொல்கிறேன், 40.

மின்வெட்டு: ஒரு சின்னத் திருத்தம். பின்னுக்குள்ளேயே 25 ஓம் அளவுக்குத் தடை உண்டு, அதையும் சேர்த்தால் 71 வராது, 50 சொச்சம்தான் வரும். காயிலுக்குக் கிடைப்பது 3.7 வோல்ட் போல இருக்கும். ரிலே பிடிக்க 5 வோல்ட்டில் 75 சதவீதம், அதாவது 3.75 வேண்டும். பிடித்தாலும் பிடிக்கும், பிடிக்காமலும் போகும்.

தொட்டிக்காரன்: பார்த்தீர்களா, 71 என்பது பொய்!

சாலிடர்சாமி: 50 எப்போதிலிருந்து 40ஐ விடச் சின்ன எண் ஆனது? மின்வெட்டு சார், நீங்கள் யார் பக்கம்? போன முறை டிரான்ஸ்பார்மர் இல்லாத பவர் சப்ளை விவகாரத்திலும் இப்படித்தான் நடுவில் புகுந்து குழப்பினீர்கள்.

மின்வெட்டு: கணக்குப் போட்டால் குழப்பமா? அந்தத் திரியில் 230 வோல்ட் லைனைத் தொட்டுவிட்டு என்னைத் திட்டியது யார் என்று எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

பழைய8051: இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் கைக்கு வந்துவிட்டது, அதுதான் வினை. எங்கள் காலத்து 8051 சிப்பின் போர்ட் பின் ஹை நிலையில் மைக்ரோஆம்ப் கணக்கில்தான் கொடுக்கும், ரிலே என்ன, ஒரு எல்இடிகூட ஒழுங்காக எரியாது. அதனால் முதல் நாளே ரிலே போன்றவற்றை இயக்கும் யுஎல்என்2003 டிரைவர் சிப் போடக் கற்றோம். ஏழு சேனல், ஒவ்வொன்றும் 500 மில்லியாம்ப், டயோடும் உள்ளேயே. அப்புறம், தொட்டிக்காரன், உங்களிடம் இருப்பது வெறும் ரிலேவா, இல்லை விசிசி, கிரவுண்ட், ஐஎன் என்று மூன்று கால் உள்ள மாட்யூலா, அதாவது ரிலே பொருத்திய ரெடிமேட் போர்டா? மாட்யூல் என்றால் அதிலேயே டிரான்சிஸ்டர் இருக்கும்.

தொட்டிக்காரன்: மாட்யூலோ மண்ணாங்கட்டியோ, ரிலே ரிலேதான். ஓடுகிறதா இல்லையா?

சாலிடர்சாமி: பேச்சை மாற்றாதீர்கள் ஐயா, நான் கேட்பது 40 பற்றி. உங்கள் 8051 புராணம் தனித் திரியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய8051: புராணமா? நான் சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சிப் பொறுக்கிய காலத்தில் நீங்கள் டார்ச் லைட்டுக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்திருப்பீர்கள்.

கத்துக்குட்டி: அண்ணன்களே, கேள்வி கேட்டது நான்தான். என் மோட்டார் ஒரு எச்பி. ரிலே மேல் 10 ஆம்ப், 250 வோல்ட் என்று எழுதியிருக்கிறது. அது தாங்குமா?

மின்வெட்டு: தம்பி, அந்த 10 ஆம்ப் பல்பு, ஹீட்டர் மாதிரி லோடுக்கு. மோட்டார் கிளம்பும்போது ஓடுகிற கரண்டைப் போலப் பல மடங்கு இழுக்கும். ரிலேவுக்குள் தொட்டு விலகும் கான்டாக்ட் ஒட்டிக்கொண்டால் புரோகிராம் என்ன சொன்னாலும் மோட்டார் நிற்காது, தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். ரிலேவை வைத்து கான்டாக்டரை, அதாவது மோட்டார் லோடைத் தாங்கும் பெரிய ஸ்விட்சை, இயக்கு, மோட்டாரை கான்டாக்டர் பார்த்துக்கொள்ளும். 230 பக்கத்து வயரிங்கை எலக்ட்ரீசியனிடம் விட்டுவிடு.

சாலிடர்சாமி: அதெல்லாம் பிறகு. முதலில் 40க்கு பதில் வரட்டும். காயிலோடு தொடராக மல்டிமீட்டரை மாட்டிப் படம் போடுங்கள் தொட்டிக்காரன், ஊரே பார்க்கட்டும்.

தொட்டிக்காரன்: மல்டிமீட்டரை மச்சான் வாங்கிப் போயிருக்கிறார்.

சாலிடர்சாமி: அதானே!

தொட்டிக்காரன்: அதானே என்றால் என்ன அர்த்தம்? ஓடுகிறது, அவ்வளவுதான்.

சாலிடர்சாமி: 40.