வீட்டுக் கடன் வட்டி மானியம்: உங்களுக்கு நடந்தது என்ன? (அனுபவப் பகிர்வு)

தத்தமங்கலம் தென்னந்தோப்பு

2021-இல் நடந்தது. நாலு வருஷத்துக்கு மேல் ஆகியும் மனசை விட்டுப் போகவில்லை. பாலக்காடு சித்தூர் - தத்தமங்கலம் நகரசபைக்குள் 5 சென்ட் வாங்கியிருந்தேன். நானும் மனைவியும் சேர்ந்து வருஷம் 7 லட்சம் சம்பாதித்தோம். அதனால் பிரதமர் ஆவாஸ் திட்டத்தில் நடுத்தர வருமானம், முதல் பிரிவு. 9 லட்சம் வரையான கடனுக்கு 4 சதவீத வட்டி மானியம், கடன் காலம் முழுவதுக்கும் சேர்த்து மொத்தமாகக் கணக்கில் வருவது 2 லட்சத்து 35 ஆயிரம் வரை. உங்களுக்கெல்லாம் தெரிந்த கணக்குதான்.

இடம் முழுக்கத் தென்னை. ஆனால் வில்லேஜ் ஆபீஸ் ரிக்கார்டில் 'நிலம்' என்று இருந்தது. நம் பக்கம் நிலம் என்றால் வயல். கேரளத்தின் 2008 நெல்வயல் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அதை மாற்றாமல் வீடு கட்டப் பெர்மிட்டும் இல்லை, லோனும் இல்லை. மாற்றி வாங்க ஏழு மாசம் ஆனது. லோன் கையெழுத்தான நாள் ஏப்ரல் 7. மேனேஜர் மேஜைக் காலண்டரை ஒரு தாள் பின்னால் திருப்பி, மார்ச் 31-இல் விரலை வைத்து, "மார்ச்சு கழிஞ்ஞல்லோ" என்றார். எங்கள் பிரிவுக்கு அன்றோடு திட்டம் முடிந்திருந்தது. அந்த விரல் இன்னும் கண்ணில் நிற்கிறது.

வெளியே அப்பா வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். "கெடச்சுதா?" என்று கேட்டார். கிடைத்தது என்று சொல்லிவிட்டேன். அவர் இன்றைக்கும் எங்கள் வீதியில் எல்லோரிடமும் அரசாங்கம் பையனுக்கு இரண்டே கால் லட்சம் கொடுத்தது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆந்திரா சித்தூர்

நான் இன்னொரு சித்தூர் அண்ணா, வேலூர் பக்கம். எனக்கு மானியம் வந்தது. ஆனால் அது என் கைக்கு வந்ததா என்றுதான் இன்றும் யோசிக்கிறேன்.

2018-இல் பிளாட் பேசி முடித்தோம், 19 லட்சம். எங்கள் வருமானத்துக்கு 60 சதுர மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பதால் டேப் பிடித்து உள்ளளவு பார்த்தோம். 640 சதுர அடி, சரியாக உள்ளே வந்தது. அட்வான்ஸ் கொடுக்கப் போன அன்று விலை 20 லட்சத்து 25 ஆயிரம் ஆகியிருந்தது. என்ன காரணம் என்று கேட்டேன். "உங்களுக்குத்தான் கவர்மென்ட் 2 லட்சத்து 67 ஆயிரம் கொடுக்குதே அண்ணா. அதிலே பாதியாவது ஓனருக்கு விட்டுக்கொடுங்க" என்றார் புரோக்கர். ரகசியமாகக்கூட இல்லை, டீ குடித்துக்கொண்டே எல்லோர் முன்னாலும் சொன்னார். மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள், எழுந்து போய்விடலாம் என்று. வாடகை வீட்டைக் காலி செய்ய இருபது நாள்தான் இருந்தது. கொடுத்துவிட்டேன்.

கொழிஞ்சாம்பாறை

முதலில் எழுதிய அண்ணனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நகரசபை எல்லைக்குள் இருந்ததால்தான் உங்களால் அந்த வரிசையில் நிற்கவே முடிந்தது. நாங்கள் பஞ்சாயத்து. அந்த மானியம் நகரத்துக்கானது என்று முதல் நாளே திருப்பி அனுப்பிவிட்டார்கள். உங்களுக்குத் தேதி தாண்டியது, எங்களுக்கு எல்லையே வேறு.

எங்களுக்குக் கிடைத்தது கேரள அரசின் லைஃப் வீட்டுத் திட்டம், 4 லட்சம். அதுவும் வேலை நடக்க நடக்கத் தவணையாகத்தான் வரும். கடைசித் தவணைக்குக் காத்திருந்தபோது ஜன்னலுக்குக் கதவு இல்லை. அம்மா தன் கல்யாணச் சேலையை இரண்டாக மடித்துக் கட்டி வைத்திருந்தார். இரண்டு மழைக்காலம் அந்தச் சேலைதான் ஜன்னல். இப்போது 25 லட்சம் கடன் வாங்குகிறவருக்கும் அரசு மானியம் தருகிறது என்கிறார்கள். அவர் வாங்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எது முதலில்? என் அம்மா ஜன்னலா, அவர் மாசத் தவணையா?

நகரி தறி

2019-இல் வாங்கிய 12 லட்சம் கடனில் மானியம் போக 9 லட்சத்து 33 ஆயிரம் நின்றது. மெசேஜ் வந்தபோது ஏமாற்று வேலை என்று பயந்து தறியை நிறுத்திவிட்டு வங்கிக்கு ஓடினேன். நிஜம்தான் என்றார்கள். அன்றைக்குத் தெருவில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தோம்.

வட்டி குறைந்தபோது மாசத் தவணையைக் குறைத்தார்கள். அப்புறம் 2022 மே முதல் ரிசர்வ் வங்கி ஏற்ற ஆரம்பித்தது. 4 சதவீதமாக இருந்த ரெப்போ (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) 2023 பிப்ரவரிக்குள் 6.5. என் தவணை மட்டும் ஏறவில்லை, நானும் நிம்மதியாக இருந்தேன். ஒரு நாள் ஸ்டேட்மென்ட் எடுத்துப் பார்த்தால், 2039-இல் முடிய வேண்டிய கடன் 2047 என்று இருந்தது. அப்போது எனக்கு 68 வயது ஆகியிருக்கும். ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்றுதான் ஆற்றாமை.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், பாலக்காடு

என் கதை சின்னது. கவுன்டரில் இருந்த காலத்தில் ஒரு தம்பதி, மானியம் வந்த பாஸ்புக்கை சாமி படத்துக்கு முன் வைத்துக் கும்பிட்டதாகச் சொல்லி எனக்குத் திருநீறு கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

கொழிஞ்சாம்பாறைத் தம்பி, ஒரு திருத்தம். 2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் ஆவாஸ் இரண்டாம் கட்டத்தில் 25 லட்சம் வரை கடன் வாங்கலாம், ஆனால் மானியம் முதல் 8 லட்சத்துக்கு மட்டும். 4 சதவீதம், 12 வருஷக் கணக்கு. அதிகபட்சம் 1 லட்சத்து 80 ஆயிரம், அதுவும் ஐந்து வருஷத் தவணையாக. குடும்ப வருமானம் 9 லட்சத்தையும் வீட்டு மதிப்பு 35 லட்சத்தையும் தாண்டக்கூடாது. நாட்டில் எங்கேயும் சொந்தமாகப் பக்கா வீடு இருக்கக்கூடாது.

பெரிய கடனுக்குப் போகிறவர்கள் வட்டியை மட்டும் பார்க்கிறீர்கள். கையில் இருக்க வேண்டிய பணத்தைப் பாருங்கள். 30 லட்சம் வரையான கடனுக்கு வீட்டு விலையில் 90 சதவீதம் வரை தரலாம். 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 சதவீதம்தான். 30 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 27 லட்சம் கடன் கிடைத்தாலும் மீதி 3 லட்சம் உங்களுடையது. கேரளத்தில் முத்திரைத்தாள் 8 சதவீதம், பதிவு 2 சதவீதம், அது இன்னொரு 3 லட்சம். அதை வீட்டு விலையோடு சேர்த்துக் கடன் தர மாட்டார்கள். இந்த 6 லட்சத்துக்காக நகையை வைத்து, கைமாற்று வாங்கி, முதல் வருஷமே மூச்சு முட்டியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

நகரித் தம்பி, நீங்கள் கேட்டது நியாயம். வட்டி மாறும்போது தவணையை ஏற்றவா, காலத்தை நீட்டவா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவே போட்டிருக்கிறது. எழுத்தில் கேளுங்கள். தறியில் நாலு காசு கூடுதலாக வந்தால் அசலில் கட்டுங்கள். மாறும் வட்டிக் கடனுக்கு முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது.

களியக்காவிளை மருமகள்

எல்லாரும் கணக்கு எழுதியிருக்கீங்க. எனக்கு ஞாபகம் இருப்பது வேறு. நெய்யாற்றின்கரை நகரசபைக்குள் பழைய வீடு வாங்கினோம், 2018. குறைந்த வருமானப் பிரிவில் வீடு வாங்கினால் பத்திரத்தில் பெண் பெயரும் இருக்க வேண்டும் என்பது விதி. கொழுந்தனார் இரண்டு நாள் சாப்பிடாமல் கோபித்துக்கொண்டார், பொம்பளை பேர் எதுக்கு என்று. அத்தை வாயே திறக்கவில்லை.

சப் ரிஜிஸ்தர் ஆபீசில் ஆதாரம் (பத்திரத்தை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) முழுக்க மலையாளம். எனக்குப் படிக்கத் தெரியாது. கையெழுத்துப் போடச் சொன்னார்கள். தமிழில் போடலாமா என்று கேட்டேன். ஆதாரம் எழுதுகிறவர் பேனாவை என் பக்கம் தள்ளி, "அம்மா எழுதுங்க, உங்க பேருதானே" என்றார். கை நடுங்கிக்கொண்டு என் முழுப் பெயரையும் எழுதினேன். அத்தனை பக்கத்திலும் அது ஒன்றுதான் தமிழ்.

வெளியே வந்ததும் அத்தை என் கட்டைவிரல் மையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார். எங்க வீட்டில் பெண் பெயரில் எழுதிய முதல் சொத்து. ஆதாரம் கடன் தீரும்வரை வங்கியில். நகலை வாங்கி என் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.