அழுத்திப் பிடித்தபோது மூச்சுக்கு என்ன ஆயிற்று? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

இரவுப்பணிச் செவிலி
மனநலப் பிரிவில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். ஊசி போடுவதற்காக ஓர் இளைஞனை நான்கு பேர் குப்புறக் கிடத்திப் பிடித்தோம். ஒருவர் முழங்காலை முதுகில் ஊன்றியிருந்தார். "மூச்சு விட முடியவில்லை" என்றான். "பேசுகிறாயே, அப்புறம் என்ன?" என்றேன். நான்தான் சொன்னேன். தலைமாட்டில் இருந்ததால் எனக்குத் தெரிந்தது: கழுத்து நரம்பெல்லாம் புடைத்து, தோள்கள் ஏறி ஏறி இறங்கின. விரல் நுனிகளைத் தரையில் ஊன்றி மார்பைக் கொஞ்சம் தூக்கப் பார்த்தான். திமிறுகிறான் என்று இன்னும் அழுத்தினோம். உதடு கறுத்த பிறகே புரட்டினோம். பிழைத்துக்கொண்டான். அந்த விரல்கள்தான் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

வரப்போரம்
எங்கள் வீட்டில் நடந்தது வேறு. அப்பா வழுக்கி விழுந்ததில் இரண்டு விலா விரிசல். ஊரில் நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டுப் போட்டார்கள். வலி குறைந்தது என்று நாங்களும் நிம்மதியாக இருந்தோம். இருமவும் முடியாமல் சளி தேங்கி, ஐந்தாம் நாள் காய்ச்சல், நிமோனியா. டாக்டர் கத்தரிக்கோலால் கட்டை வெட்டியதும் அப்பாவின் நெஞ்சு விரிந்ததைப் பார்த்தேன். அத்தனை நாளும் அது அசையவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

காவல் பணி
அக்கா, பிடிக்காமல் விட்டிருந்தால்? என் முன்பல் ஒன்று அப்படித்தான் போனது. வெளியிலிருந்து குறை சொல்வது எளிது.

மூச்சுப் பயிற்சியாளர்
தம்பி, அக்கா வெளியிலிருந்து சொல்லவில்லை, கூடவே நின்று பிடித்தவர். பிடிக்கவே கூடாது என்றும் யாரும் சொல்லவில்லை. எப்படி என்பதுதான் கேள்வி. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் தசையான உதரவிதானம் கீழே இறங்கினால்தான் காற்று உள்ளே வரும். அது இறங்க வேண்டுமானால் வயிறு வெளியே தள்ள இடம் வேண்டும். வயிற்றைத் தரையும் முதுகை முழங்காலும் அடைத்துவிட்டால், விலா எலும்புகளும் விரிய வழியில்லை. பிறகு கழுத்துத் தசைகள்தான் சுமக்க வேண்டும், அவை சீக்கிரம் களைத்துவிடும். திமிறும் உடம்புக்கோ காற்று இன்னும் அதிகமாகத் தேவை. பேசக் கொஞ்சம் காற்று போதும், உயிர் வாழ அது போதாது. 2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸில் காவலர்கள் ஜார்ஜ் ஃபிளாய்டைச் சாலையில் குப்புறக் கிடத்தி 9 நிமிடம் 29 வினாடி அழுத்தியிருந்தார்கள், அவர் இறந்துபோனார். மறு ஆண்டு நீதிமன்றத்தில் நுரையீரல் மருத்துவர் மார்ட்டின் டோபின் காட்டியதும் விரல்களைத்தான்: ஃபிளாய்டு அவற்றைச் சாலையில் ஊன்றி மார்பைத் தூக்க முயன்றார். குப்புறப் போட நேர்ந்தாலும் உடனே பக்கவாட்டில் திருப்புங்கள், முதுகில் யாரும் எடை போடாதீர்கள். நம் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, கட்டுப்படுத்துவதைத் தண்டனையாகச் செய்யக் கூடாது என்கிறது. வலிப்பு வந்தவரையும் அமுக்கிப் பிடிக்காதீர்கள். என் தங்கையை அப்படி மூன்று பேர் பிடித்திருந்தார்கள்.

இரவுப்பணிச் செவிலி
தம்பி, உன் பல் போனது எனக்கும் வருத்தம்தான். இப்போது நான் கையைக் காலைப் பிடிப்பதில்லை. முகத்தையும் மூச்சையும் பார்த்துக்கொண்டே இருப்பது மட்டும்தான் என் வேலை. போன மாதம் "விடுங்கள்" என்றேன், மூவரும் ஒரே நொடியில் கையை எடுத்தார்கள்.