லண்டனைவிட நியூயார்க்கில் மழை இருமடங்கு. வெயிலும் கூடுதலாக இருப்பது எப்படி?

கேள்வி – புவியியல் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக வெவ்வேறு கண்டங்களிலுள்ள பெருநகரங்களின் மழையையும் வெயிலையும் ஒப்பிடும் அட்டவணை ஒன்றைத் தயாரித்து வருகிறேன். மழை கூடினால் வெயில் குறையும் என்ற எண்ணத்தோடுதான் தொடங்கினேன். முதல் மூன்று ஊர்களிலேயே அது பொய்த்துவிட்டது. ஓயாத மழைக்குப் பெயர்போன லண்டனில் ஆண்டு மழையளவு ஏறத்தாழ 600 மி.மீ.தான். நியூயார்க்கிலும் சிட்னியிலும் அது 1,200 மி.மீ. அளவில் இருக்கிறது. அப்படியிருந்தும் லண்டனுக்கு ஆண்டில் கிடைக்கும் வெயில் சுமார் 1,650 மணி நேரம். மற்ற இரண்டு ஊர்களுக்கும் சுமார் 2,500 மணி நேரம். நான் எண்களைத் தவறாகப் படித்துவிட்டேனா? சரி என்றால், பிள்ளைகளுக்குப் புரியும்படி இதற்கு என்ன காரணம் சொல்வது?

மறுமொழி 1 – வடகாற்று

எண்கள் சரியானவையே, அம்மா. மழைமானி காட்டுவது விழுந்த நீரின் ஆழத்தை மட்டும்தான். அந்த நீர் விழ எவ்வளவு நேரம் பிடித்தது என்பதை ஆண்டு மொத்தம் சொல்வதில்லை. ஒரு மி.மீ. மழை என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் நீர். அந்த ஒரு லிட்டர் கோடை இடிமழையில் ஒரே நிமிடத்தில் விழலாம், லண்டன் தூறலில் ஒரு முற்பகல் முழுவதும் விழுந்துகொண்டே இருக்கலாம்.

நியூயார்க்கில் கோடையில் இடிமழையும் மற்ற மாதங்களில் கடலோரப் புயல்களும் சில மணி நேரத்தில் நிறைய நீரைக் கொட்டிவிட்டுப் போகின்றன; பின்னாலேயே வடமேற்கிலிருந்து உலர்ந்த காற்று வந்து வானத்தைத் துடைத்துவிடுகிறது. லண்டனிலோ அட்லாண்டிக்கிலிருந்து அடுத்தடுத்து வரும் காற்றழுத்தத் தாழ்வுகள் அடுக்குமேகங்களைப் பரப்பிவைக்கின்றன. அவற்றிலிருந்து விழும் நீர் குறைவு, ஆனால் அவை வெயிலை மறைக்கும் நேரம் அதிகம். வெயிலைக் குறைப்பது மேகம்தான், மேகமெல்லாம் மழையாவதில்லை.

பகற்பொழுதைக் கூட்டிப் பார்த்தால் உலகின் எந்த ஊருக்கும் ஆண்டில் ஏறத்தாழ 4,400 மணி நேரம் வருகிறது. லண்டன் அதில் ஐந்தில் இரண்டு பங்குகூட வெயிலாகப் பெறுவதில்லை. அட்டவணையில் இந்த விகிதத்தையும் சேர்த்தால் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும்.

மறுமொழி 2 – பசிபிக் கரை

தென் அமெரிக்காவிலிருந்து லிமாவைக் கட்டாயம் சேருங்கள். பணி நிமித்தமாக அங்கே இரண்டு குளிர்காலங்களைக் கழித்தவன் என்பதால் உரிமையோடு கேட்கிறேன். பெரு நாட்டின் அந்தத் தலைநகரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை, சாதாரண ஆண்டுகளில், இருபது மி.மீ.கூட இராது. மழையளவில் அது பாலைவனம். ஆனால் வெயில் ஏறத்தாழ 1,230 மணி நேரம்தான், அதாவது லண்டனைவிடவும் குறைவு.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வானம் சாம்பல் நிறத்தில் தலைக்கு மேல் இறங்கி நிற்கும். உள்ளூர்க்காரர்கள் ‘கரூவா’ என்று சொல்லும் தூவானம் கண்ணுக்குத் தெரியாமல் இறங்கிக் கார்க் கண்ணாடியை நனைக்கும். கொடியில் போட்ட சட்டை மூன்றாம் நாளும் ஈரமாகவே இருக்கும். ஆனால் குடை பிடித்தவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. ஹம்போல்ட் குளிர்நீரோட்டம் கடலையொட்டிய காற்றைக் குளிரவைக்கிறது, அதன்மேல் வெப்பமான காற்று மூடிபோல் அமர்ந்துகொள்கிறது. மேகம் அந்த மூடியைத் தாண்டி உயர முடியாததால் மழையாகத் திரள்வதில்லை, கலைவதும் இல்லை. நகர விளிம்பின் குன்றுகளில் வலைகளைக் கட்டி, பனிமூட்டத்திலிருந்து சொட்டும் நீரைத் தொட்டிகளில் சேர்க்கிறார்கள். மழை இல்லாத ஊரில் வெயிலும் இல்லாமல் வாழ்வது எவ்வளவு சோர்வு தரும் என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள்.

இதன் அருகில் கெய்ரோவை வையுங்கள். அங்கும் மழை 25 மி.மீ. அளவுதான்; வெயிலோ 3,400 மணி நேரத்தை ஒட்டி வருகிறது.

மறுமொழி 3 – ஓய்வுபெற்ற பதிவாளர்

முன்னிருவர் சொன்னதும் சரியே. ஆனால் இப்படிப்பட்ட அட்டவணைகளில் வழக்கமாக இடம்பெறும் ‘மழை நாட்கள்’ என்ற கட்டத்தை அப்படியே எடுத்துப் போட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்திய வானிலை ஆய்வுத் துறைக் கணக்கில் 2.5 மி.மீ. பெய்தால்தான் அது மழை நாள். பிரிட்டனில் ஒரு மி.மீ. போதும், சிங்கப்பூரில் 0.2 மி.மீ. போதும். சிங்கப்பூரின் 171 மழை நாட்களை மும்பையின் எண்ணோடு நேராக ஒப்பிடுவது, படியில் அளந்ததையும் ஆழாக்கில் அளந்ததையும் ஒன்றாக எண்ணுவதாகும்.

வெயில் கணக்கிலும் இந்தச் சிக்கல் உண்டு. நான் பணியாற்றிய காலத்தில் காம்ப்பெல்-ஸ்டோக்ஸ் கருவியில்தான் வெயிலை அளந்தோம். ஒரு கண்ணாடி உருண்டை, அதன் பின்னால் வளைவாக ஓர் அட்டை. வெயில் அடிக்கும் நேரமெல்லாம் அட்டையில் பழுப்புக் கோடு பொசுங்கிக்கொண்டே போகும், மேகம் மறைத்தால் கோடு அறுந்துவிடும். மாலையில் அட்டையை உருவிக் கோட்டின் நீளத்தை அளப்போம். மேகம் விட்டுவிட்டு வரும் நாளில் ஒவ்வொரு பொசுங்கலும் சற்றுப் பரவிவிடுவதால் கணக்கு உண்மையைவிடக் கூடுதலாகவே வரும். இப்போதைய மின்னணுக் கருவிகள், நேராக விழும் சூரிய ஒளியின் வலு சதுர மீட்டருக்கு 120 வாட் என்ற எல்லையைத் தாண்டும் நேரத்தை மட்டும் வெயிலாக அளக்கின்றன. ஆகவே 50 மணி நேர வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்; 500 மணி நேரம் என்றால் அது உண்மையான வித்தியாசம்.

இன்னொன்று: மும்பைக்கு ஆண்டு மொத்தத்தை மட்டும் கொடுத்தால் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். 2,000 மி.மீ.க்கு மேற்பட்ட அதன் மழை பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் கொட்டித் தீர்கிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸ் நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. பதிவாயிற்று. லண்டனில் அவ்வளவு பெய்ய ஒன்றரை ஆண்டு ஆகும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மழை நாட்கள் கட்டத்தை எடுத்துவிட்டேன். பகற்பொழுதில் வெயிலின் விகிதத்தையும், மழை மிகுந்த நான்கு மாதங்களின் பங்கையும் சேர்க்கிறேன். லிமாவும் கெய்ரோவும் அட்டவணையின் முதல் இரண்டு வரிகளில் வரும். காரணத்தை நான் சொல்வதற்கு முன்பு பிள்ளைகளையே ஊகிக்கச் சொல்லப்போகிறேன்.