1972 அம்பாசடருக்கு எந்த ஏரியல் பொருந்தும்?

தக்கலை மார்க்-டூ:
அப்பா 1972-இல் வாங்கிய அம்பாசடர் மார்க்-டூ வண்டிக்கு டிங்கர் வேலை முடிந்துவிட்டது. அடுத்த வாரம் பெயின்ட் அடிக்கக் கொடுக்கிறேன். அவர் பொருத்திய பிலிப்ஸ் வானொலிப் பெட்டி டேஷ்போர்டில் இன்னும் இருக்கிறது. மீடியம் வேவ் மட்டும் எடுக்கும் அந்தப் பெட்டியைப் பழுதுபார்த்தாகிவிட்டது, ஆனால் ஏரியல் இல்லை. வளைகுடாவில் இருந்து வந்த நண்பர் ஒருவர் 1970-களில் அமெரிக்க வண்டிகளில் சி.பி. ரேடியோவுக்கு (பொதுமக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ரேடியோ) வைத்த இரண்டரை மீட்டருக்கும் மேல் நீளமான எஃகுக் கம்பி ஒன்றைத் தந்திருக்கிறார். அதைப் பின்பக்க பம்பரில் பொருத்தலாமா, முன் மட்கார்டில் துளையிட்டு, ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இழுப்புக்கம்பி ஏரியல் வைக்கலாமா, அல்லது துளையே போடாமல் வேறு வழி இருக்கிறதா? துளை போடுவதென்றால் பெயின்டுக்கு முன்பே போட வேண்டும் என்பதால்தான் இப்போதே கேட்கிறேன்.

பார்வதிபுரம் பட்டறை:
மட்கார்டில் இழுப்புக்கம்பிதான். அந்தக் காலத்தில் நம் ஊரில் ரேடியோ வைத்த அம்பாசடரும் ஃபியட்டும் அப்படித்தான் ஓடின. என் கையாலேயே பல வண்டிகளுக்குப் பொருத்தியிருக்கிறேன். சி.பி. கம்பி நல்ல பொருள்தான், ஆனால் இந்த வண்டியின் வரலாற்றில் அதற்கு இடமில்லை. அமெரிக்காவில் 1958-இல் 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பொதுமக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்காக ஒதுக்கினார்கள். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு லாரி ஓட்டுநர்களிடம் அது பெரும் வழக்கமாகப் பரவியது. பிரிட்டனிலேயே அதற்கு 1981 நவம்பரில்தான் சட்ட அனுமதி கிடைத்தது. 1972-இல் தக்கலையில் இருந்து நாகர்கோவிலுக்குப் போன அம்பாசடரில் அப்படி ஒரு கம்பி ஆடியிருக்க வாய்ப்பில்லை.

குளச்சல் அலைவரிசை:
அண்ணாச்சி, வரலாற்றை மறுக்கவில்லை. ஆனால் இழுப்புக்கம்பி ஏரியல் கடற்கரையில் எத்தனை நாள் தாங்கும்? விசைப்படகு ரேடியோக்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். நிக்கல் பூசிய பித்தளைக் குழாய்களுக்கு இடையே உப்புக்காற்று புகுந்தால் பச்சைக் களிம்பு ஏறி, ஒரு மழைக்காலம் முடிவதற்குள் கம்பி பாதியில் சிக்கிக்கொண்டு மேலேயும் வராது, கீழேயும் போகாது. சி.பி. கம்பி ஒரே துண்டான துருப்பிடிக்காத எஃகு. அதோடு, மீடியம் வேவில் அலையின் நீளம் ஏறத்தாழ இருநூறு மீட்டரும் அதற்கு மேலும் என்பதால், நாம் வைக்கும் எந்தக் கம்பியும் அதற்கு மிகக் குட்டைதான். ஆகவே நீளம் கூடக்கூடப் பிடிக்கும் மின்னழுத்தமும் கூடும். ஒரு மீட்டர் கம்பியை விட இரண்டரை மீட்டர் கம்பி நிச்சயமாக அதிகம் பிடிக்கும்.

பார்வதிபுரம் பட்டறை:
கம்பி அதிகம் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் பிடித்தது பெட்டி வரை வந்து சேர வேண்டாமா? தம்பி சொன்ன கணக்கில் கேபிள் விடுபட்டுவிட்டது. கார் ஏரியல் கம்பி மின்சாரத்தின் பார்வையில் பத்து பிக்கோஃபாரட் (மின்தேக்கத்தை அளக்கும் மிகச் சிறிய அலகு) அளவிலான ஒரு சிறிய மின்தேக்கி. கேபிளின் உட்கம்பிக்கும் வெளி வலைக்கும் இடையே உள்ள மின்தேக்கம், கம்பி பிடித்ததில் ஒரு பங்கை வழியிலேயே தரைக்கு இறக்கிவிடுகிறது. அதனால்தான் கார் ரேடியோவுக்கென்று வந்த கேபிளில் உட்கம்பியை மயிரிழை போல் மெல்லியதாக வைத்து, சுற்றிலும் பெரும்பாலும் காற்றே இருக்கும்படி செய்தார்கள். மட்கார்டில் இருந்து டேஷ்போர்டுக்கு அந்தக் கேபிள் ஒன்றேகால் மீட்டர் போதும். பின் பம்பரில் இருந்து வருவதற்கு ஐந்து மீட்டராவது வேண்டும், சி.பி.க்கு வழக்கமான ஐம்பது ஓம் கேபிளைப் போட்டால் மீட்டருக்கு நூறு பிக்கோஃபாரட் என்று மொத்தம் ஐந்நூறு ஆகிவிடும். பழைய பெட்டியின் ஓரத்தில் ஏரியல் டிரிம்மர் என்று ஒரு சின்னத் திருகு இருக்குமே, அது அவ்வளவு பெரிய சுமையைச் சரிகட்டாது. ஒருமுறை எங்கள் பட்டறைக்கு வந்த ஃபியட்டில், எதற்காகவோ டி.வி. கேபிளைப் போட்டுவிட்டு, "பெட்டி செத்துப்போச்சு" என்று மூன்று இடத்தில் காட்டியிருந்தார்கள். கேபிளை மாற்றியதும் பெட்டி பாடியது.

வடசேரி வாசகன்:
இருவரும் துளையைப் பற்றிப் பேசவே இல்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. 1972-இல் வந்த மட்கார்டுத் தகடு மீண்டும் கிடைக்கப் போவதில்லை. துளையின் வெட்டு விளிம்பில் பெயின்ட் சரியாக ஒட்டாது. ஏரியலின் ரப்பருக்கு அடியில் நிற்கும் தண்ணீரும், டயர் உள்ளிருந்து வாரி அடிக்கும் சேறும் சேர்ந்து இரண்டே ஆண்டுகளில் தகட்டை அரித்துவிடும். அம்பாசடரின் கூரை ஓரத்தில் மழைத் தண்ணீர் ஓடும் காடி இருக்கிறது. அந்தக் காடியில் கவ்விப் பிடிக்கும் ஏரியல்கள் வெளிநாடுகளில் அந்தக் காலத்திலேயே வழக்கில் இருந்தன. துளையும் வேண்டாம், வண்டியும் பழுதாகாது.

பார்வதிபுரம் பட்டறை:
காடியில் கவ்வினால் பூமி இணைப்பு எப்படிக் கிடைக்கும்? ஏரியலின் அடிப்பகுதி பெயின்ட் இல்லாத பச்சைத் தகட்டைத் தொட வேண்டும். தொடாவிட்டால், கேபிளின் வெளி வலை காவலாக இருப்பதற்குப் பதிலாகத் தானே ஓர் ஏரியலாகி, பிளக் ஒயரின் இரைச்சலை எல்லாம் அள்ளிக்கொண்டு வரும். வண்டி வேகம் எடுக்க எடுக்க "டர்ர்" என்ற சத்தமும் கூடவே ஏறும். காடியில் பெயின்டைச் சுரண்டினால் அங்கே துரு ஏறாதா? மட்கார்டின் அடியில் சுரண்டினால், இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசி மூடிவிடலாம், கண்ணிலும் படாது.

குளச்சல் அலைவரிசை:
கேபிள் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். நான் பேசும் கடல் ரேடியோ 156 மெகாஹெர்ட்ஸ் என்பதால் அங்கே ஐம்பது ஓம் கேபிள்தான் சரி. அந்தப் பழக்கத்தில் இங்கே அதை எண்ணிப் பார்க்கவில்லை. ஆனால் இன்னொரு கேள்வி: மீடியம் வேவை மட்டும் ஏன் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்? நம் மாவட்டத்தில் எல்லோரும் கேட்பது 101 மெகாஹெர்ட்ஸ் குமரி பண்பலை. அதற்கேற்ற ஏரியலை வைத்து, உள்ளே ஒரு சிறிய பண்பலைப் பெட்டியை மறைத்து வைக்கலாமே.

தக்கலை மார்க்-டூ:
அதில் எனக்கு விருப்பமில்லை. நாகர்கோவில் வானொலி நிலையம் தொடங்கியதே 1984-இல்தான். அப்பா இந்த வண்டியில் கேட்டது திருநெல்வேலியும் திருவனந்தபுரமும் இலங்கை வானொலியும். ராத்திரி கன்னியாகுமரியில் இருந்து திரும்பும்போது இலங்கை நிலையம் தெளிவாகக் கேட்கும் என்பதற்காகவே கொட்டாரத்துக்கு அப்பால் வண்டியை ஓரம் கட்டுவார். பெட்டியின் நிலையம் காட்டும் முள் அந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

பார்வதிபுரம் பட்டறை:
பண்பலை வேண்டுமென்றாலும் இழுப்புக்கம்பியே போதும். 101 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை நீளம் ஏறத்தாழ 74 சென்டிமீட்டர். கம்பியை முழுவதும் இழுக்காமல் அந்த அளவில் நிறுத்தினால் தீர்ந்தது. மீடியம் வேவுக்கு முழுவதும் இழுக்க வேண்டும். களிம்பைப் பற்றித் தம்பி சொன்னது நியாயம். வண்டியை நிறுத்தியதும் ஈரத்தோடு கம்பியை உள்ளே தள்ளக் கூடாது. மெல்லிய துணியில் ஒரு சொட்டு மெஷின் ஆயில் தொட்டுத் துடைத்துவிட்டுத் தள்ள வேண்டும். கிரீஸ் வேண்டாம், அது மணலைப் பிடித்துக்கொள்ளும். ஆரல்வாய்மொழிக் காற்றில் போகும்போது பாதி இறக்கிவிட வேண்டும்; முழு நீளத்தில் விட்டால் கம்பி அதிர்ந்து அடிப் பூட்டுத் தளர்ந்துவிடும்.

தக்கலை மார்க்-டூ:
இன்று காலை வண்டியின் கீழே படுத்துப் பார்த்தேன். இடது முன் மட்கார்டின் உட்புறம் இறுகிப்போன சேற்றைச் சுரண்டியபோது, பழைய ஐம்பது காசு அளவில் வட்டமாக, பித்தளை வைத்துக் கேஸ் வெல்டிங் அடித்த ஓர் ஒட்டு தெரிகிறது. மேலே பட்டி பூசித் தேய்த்திருந்ததால் வெளியில் இருந்து யாருக்கும் தெரியவில்லை. அதற்கு நேர் உள்ளே, எஞ்சின் பக்கத் தடுப்புத் தகட்டில், காய்ந்து கல்லாகிப்போன ஒரு ரப்பர் வளையமும் இருக்கிறது. அதன் நடுத்துளையில் கேபிள் உரசிய தடம். அப்பா ஏரியல் வைத்த இடம் இதுதான்.

வடசேரி வாசகன்:
அப்படியென்றால் என் மறுப்பில் பெரும்பகுதி போய்விட்டது. அது புதிய துளை அல்ல. ஆனால் ஒட்டை எடுத்ததும் விளிம்பை அரத்தால் வழவழப்பாக்கி, துத்தநாகப் பிரைமர் இரண்டு பூச்சு அடித்த பிறகே பெயின்டுக்குக் கொடுங்கள். மட்கார்டின் அடியில் சேறு அடிக்காதபடி ஒரு தடுப்பும் வைக்க வேண்டும்.

குளச்சல் அலைவரிசை:
அடியில் பச்சைத் தகடாக விடும் இடத்தை வாஷர் அளவுக்கு மட்டும் வைத்து, மற்றதெல்லாம் பூசிவிடுங்கள். கடலோரம் ஓட்டினால் மாதம் ஒருமுறை அந்த நட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டியிருக்கும் என்ற என் கருத்தில் மாற்றமில்லை.

தக்கலை மார்க்-டூ:
நாளை ஒட்டை எடுக்கிறார்கள். கேபிள் அளந்துவிட்டேன், பழைய வளையத்தின் வழியாகப் பெட்டி வரை ஒரு மீட்டர் முப்பது சென்டிமீட்டர் வருகிறது.